பல் டாக்டர் கடித்த எள்ளுருண்டை

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்து விட்டவள் நான். முக்கியமான விஷயத்தைப் போனில் சொன்னால் மூன்று பேருக்குச் சொன்ன மாதிரி என்று எனக்குத் தெரியாதா? அதோடு இது நம் ஊர் மானம் காப்பாற்றப்பட்ட கதை. எழுத்தில் இருப்பதுதான் மரியாதை.

என் மருமகள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்பது உனக்குத் தெரியும். தங்கமான பெண். ஆனால் இனிப்பைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி இரண்டடி பின்னால் போவாள். எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாலில் கூட்டம் போட்டு, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், வண்டி நிறுத்துகிற இடம் என்று மூன்று விஷயத்துக்கும் முறையாகச் சண்டை போடுவார்கள். போன மாதம் சண்டை ஆரம்பிக்கும் முன் அரைமணி நேரம் உடல்நலம் பற்றிப் பேசும்படி மருமகளைக் கேட்டார்கள். நான் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பேசினாள். "பழைய காலத்து இனிப்பா இருந்தாலும் சரி, கடையில வாங்கினதா இருந்தாலும் சரி, உடம்புக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று முடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அப்போது மூன்றாவது மாடிப் பல் டாக்டர் எழுந்து, "அதுலயும் ஊர்லேருந்து டப்பா டப்பாவா உருண்டை வருது பாருங்க, அதைத் தின்னுட்டுத்தான் பாதிப் பேர் என்கிட்ட வர்றாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான் தம்பி. பல் முளைத்ததும் அவன் முதலில் கடித்ததே நம் ஊர் எள்ளுருண்டையைத்தான்.

எழுந்துவிட்டேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை. "டாக்டர் சார், எங்க ஊர் எள்ளுருண்டை சாப்பிட்டிருக்கீங்களா?" என்றேன். "இல்லைங்கம்மா." "சாப்பிடாமலே தீர்ப்பா? எள்ளு, வெல்லம், ரெண்டு ஏலக்காய். நாலாவதா ஒரு பொருள் கிடையாது. எலும்புக்கும் வலு, ரத்தத்துக்கும் வலு. எங்க ஊர்ல எண்பது வயசுலயும் கரும்பு கடிப்பாங்க!" நம் பெரிய மாமா ஒரே ஒரு முறை கடித்தார், பாதியில் வைத்துவிட்டார். அந்த விவரம் சபைக்கு வேண்டாமென்று விட்டுவிட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, "அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்கம்மா. நானே சாப்பிட்டுச் சொல்றேன்" என்றார்.

வெற்றியோடு லிஃப்டில் ஏறினேன். ஐந்து மாடியும் மருமகள் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கதவு திறந்ததும், "அத்தை, அத்தனை பேர் முன்னாடி நான் தப்புன்னு சொல்லிட்டீங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சபையில் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு பக்கம் ஊர் மானம், ஒரு பக்கம் மருமகள் மனசு. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

இதில் உனக்கு மட்டும் ஒரு உண்மை. நான் என் ஆயுளில் எள்ளுருண்டை பிடித்ததே இல்லை. அம்மா பிடிப்பாள், நான் தின்றுவிட்டு டியூட்டிக்கு ஓடுவேன். கூட்டத்தன்று காலையில் தைரியமாக எள்ளை வறுத்தேன். பாதி எள் வாணலியில் வறுபட்டது, மீதி என் முகத்துக்குத் தெறித்தது. பாகு வைத்தேன். இங்கே கரண்ட் அடுப்பு; நெருப்பே கிடையாது, நம்பர்தான். "ஆறுல வைம்மா" என்றான் மகன். வைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துச் குடியிருப்புச் சங்கச் செயலாளர் போனில் வந்து, எத்தனை உருண்டை, எத்தனை தட்டு என்று விசாரிக்க ஆரம்பித்தார். எதிராளி வைக்காமல் நான் போனை வைத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் வைத்துவிட்டு நான் திரும்பினால் பாகு பதம் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. எள்ளைக் கொட்டிக் கிளறி, கை பொரியப் பொரிய உருட்டுகிறேன், கண்ணில் தண்ணீர். பக்கத்தில் வந்து நின்றாள் மருமகள். உள்ளங்கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு, "கை சிவந்துடுச்சு, நீங்க விடுங்க அத்தை" என்று உருட்ட ஆரம்பித்தாள். அறுபது உருண்டை. ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் கீறல்.

மகன் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றான். மருமகள்தான், "பேசினது பேசியாச்சு. வாங்க அத்தை, நானும் வர்றேன்" என்று தட்டைத் தூக்கினாள்.

ஹாலில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். உருண்டை உடைந்த சத்தம் இல்லை. டாக்டர் உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்தார். அதில் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு விழுந்தது. நம் ஊர் மானமே அந்த உள்ளங்கையில் கிடந்தது தம்பி. ஆனால் மனுஷன் நியாயஸ்தன். உருண்டையைத் துப்பவில்லை. மறு கன்னத்துக்குத் தள்ளிக் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் கழித்து, "தப்பு உருண்டை மேல இல்ல. ஓட்டைப் பல்லு, போன வருஷமே பார்த்திருக்கணும், சோம்பேறித்தனம். ருசின்னா இதுதான் ருசி! யாரும் கடிக்காதீங்க, கன்னத்துல ஒதுக்கிக்குங்க" என்றார்.

ஆளுக்கு ஒன்று எடுத்து ஒதுக்கிக்கொண்டார்கள். கூட்டம் ஆரம்பித்தது. செயலாளர் தண்ணீர்த் தொட்டித் தீர்மானத்தைப் படித்தார். எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தினார்கள், வாயைத் திறந்தார்கள், "ம்ம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நிறைவேறியது. லிஃப்டும் நிறைவேறியது. வண்டி நிறுத்துகிற இடத்துக்காகப் பதினோரு வருஷமாக ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்கும் தரைத்தளத்து மனிதர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் "ம்ம்" என்றார். மற்றவரும் "ம்ம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்கள். 'ஏகமனதாக' என்று எழுதி, அதன் கீழே செயலாளர் இரண்டு கோடு போட்டார்; அந்த நோட்டில் அதுவே முதல் முறையாம்.

கடைசியில் மருமகள் எழுந்தாள். "இதுல சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் இருக்கு. அத்தை சொன்னது சரி. எல்லா இனிப்பும் ஒண்ணு இல்ல. ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணுதான்" என்றாள். "ஒண்ணுக்கு மேல யாரால முடியும்மா?" என்றார் டாக்டர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு காலித் தட்டோடு நடந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கையில் மருமகள் என் கையைப் பிடித்து, சுட்ட இடத்தில் ஊதிவிட்டு, "அடுத்த தடவை பாகை நான் பார்த்துக்கறேன், நீங்க போனைப் பாருங்க" என்றாள். செயலாளர் மட்டும் பின்னாலேயே ஓடி வந்து, "பதத்தை மட்டும் மாத்திடாதீங்கம்மா" என்று கெஞ்சிவிட்டுப் போனார்.

பிறந்த ஊர்ப் பெருமை உனக்கும் எனக்கும் ஒரு படி உயர்ந்தது. பல்லும் சொல்லும் உறுதியாக நீங்கள் இருவரும் பல்லாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா

பி.கு.: அந்தச் சந்தோஷத்தில், "எங்க ஊர் மண்ணுல வெளஞ்ச எள்ளு, அதான் அந்த ருசி" என்று டாக்டரிடம் சொல்லி வைத்தேன். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். எள் கப்பலில் வந்திருக்கிறது. இதற்கிடையில் டாக்டர் தலைமையில் முப்பத்திரண்டு பேர் வேன் பிடித்து நம் ஊர் எள் வயலைப் பார்க்க வருகிறார்கள்; சாப்பாடு உன் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் எள் விளைந்து நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் உடனே கால் ஏக்கராவது விதைத்து வை. இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.