வாசல்தோறும் நிற்கும் இனம்

மூன்றாவது வீட்டு வாசலிலும் குதிரை நின்றது.

மேலே உட்கார்ந்திருந்த அதிகாரி கடிவாளத்தைத் தளர்த்தினார், இழுத்தார், குதிகாலால் விலாவில் தட்டினார். குதிரை அந்த வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"களைப்பா?"

"இல்ல சார். மரியாதை," என்றார் பண்ணைக்காரர்.

உயரமான பந்தயக் குதிரையையும் சாதுவான மலைக் குதிரையையும் இணைசேர்த்துப் புதிய சவாரி இனம் ஒன்றை உருவாக்கப் பல வருஷம் பாடுபட்டவர் அவர். அப்பனின் கால், அம்மாவின் குணம். குதிரை வளர்ப்புச் சங்க அதிகாரி இன்று ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது தனி இனம். போடாவிட்டால் லாயம் மச்சானின் கோழிப்பண்ணை ஆகிவிடும். அப்படித்தான் வீட்டில் பேச்சு.

மச்சான் கையில் அளக்கும் டேப்போடு வந்திருந்தான்.

"மாமா, இது சவாரிக் குதிரையா, வீடு வீடா ஓட்டு கேக்கற குதிரையா?"

"நீ சும்மா இரு."

பண்ணைக்காரர் கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தார். குதிரை சமர்த்தாக வந்து அடுத்த வாசலில் நின்றது. ஒரு பெண் கதவைத் திறந்தாள். அதிகாரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"யாரு அது?"

"குதிரைன்னா அவங்களுக்கு உயிர் சார்."

வீடே இல்லாத குளக்கரைப் பாதைக்குப் பண்ணைக்காரர் திருப்பிப் பார்த்தார். குதிரை நாலு எட்டு வைத்தது. சட்டென்று திரும்பித் தெருவுக்கே வந்து, விட்ட வாசலிலிருந்து தொடங்கியது. அதிகாரி ஒரு பக்கமாகத் தொங்கினார். தொப்பி சாக்கடையில்.

"இதோட தங்கச்சி இருக்கு சார். படு சுறுசுறுப்பு."

ஓடிப்போய்க் கொண்டுவந்தார். அதிகாரி மாறி ஏறினார். தங்கை சுறுசுறுப்பாகப் போய் முதல் வாசலில் நின்றது.

மச்சான் லாயத்தின் அகலத்தை அளக்கப் போய்விட்டான்.

அதிகாரி இறங்கி, இரண்டு குதிரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுமே வாசலைக் கண்டா நிக்குது. யாராவது பழக்கினாங்களா?"

"சத்தியமா இல்ல சார். நான் ஓட்டம்தான் பழக்கினேன்."

"அப்ப ரத்தத்துலயே ஊறியிருக்கு. வயசானவங்க, புதுசா ஏறறவங்க, யாரை வேணா நம்பி உக்கார வைக்கலாம். வேற எந்த இனத்துலயும் நான் இதைப் பார்த்ததில்ல." பேனாவைத் திறந்தார்.

பண்ணைக்காரருக்குக் கண் கலங்கியது. மறைத்துக்கொள்ளக் குதிரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர் மனைவி ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை பேக்கரிக்காரர் வேகமாக வந்தார். பேனாவோடு நின்றவரைக் கவனிக்காமல் நேராக அவளிடம் போனார்.

"அக்கா, நாளைக்கு ரெண்டையும் கொஞ்சம் முன்னாடியே அவுத்துக் குடுங்க. ரொட்டி லேட்டுன்னு இந்தத் தெருவே திட்டுது, அண்ணன் முழிக்கிறதுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து கட்டவும் நேரம் பத்தல."