லிந்துலைப் பெக்கோவின் மூளை மீட்ட படலம்

கேளுங்கள், மலைநாட்டாரே! மூன்று வாரப் பயிற்சியில் முக்காலமும் உணர்ந்தவனும், மடிக்கணினியை மார்போடு அணைத்தபடியே மண்ணில் நடப்பவனும், சாவி பிடித்து நட்டுக் கழற்றினால் தன் குலப்பெருமை குன்றிவிடும் என அஞ்சுபவனும், ஹட்டன் மாநகரின் மின்னணுச் சிங்கமுமான கணேசமூர்த்தி, லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மண் தோண்டும் பழைய பெக்கோ ஒன்றோடு பொருத பெருங்கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள். அவன் சிரிக்காமல்தான் செய்தான்.

ஐப்பசி அடைமழையில் மலைச்சரிவு இடிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் பணிய லயத்தின் பின்னால் ஓடும் பெரிய வடிகால் கானை மண் மூடிக்கிடந்தது. பிற்பகல் மூன்றானால் நாள்தோறும் மழை. கான் அடைபட்ட மழைநீருக்கு வேறு வழி ஏது? நேற்றே லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவின் பின்சுவர் கசிந்து, அங்கே குடியிருக்கும் சண்முகவடிவின் வீட்டுக்குள் கணுக்கால் அளவு நீர் நின்றது. இன்றும் வந்தால் சுவர் நிற்காது. ஆகவே கொழுந்து பறிக்கப் போகாமல், அரிசிச் சாக்கைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள் அந்த அம்மையார். மூன்று மணிக்குள் கான் திறந்தாக வேண்டும்.

திறக்க வந்ததோ அழகுமுத்து என்னும் ஒப்பந்தக்காரனின் பெக்கோ. ஜப்பானில் இருபது ஆண்டு மண் தின்று, பல் தேய்ந்து, கடல் கடந்து, புது மஞ்சள் பூச்சில் குமரியாக வேடமிட்டு வந்த கிழட்டு யானை அது. மூன்று வாளி மண் அள்ளும், மூச்சடைத்து நிற்கும். மீண்டும் முடுக்கினால் மீண்டும் மூன்று வாளி. அந்த யானைக்கு வைத்தியம் பார்க்கத்தான் காலை பத்து மணிக்கு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, நம் சிங்கம் எழுந்தருளியது.

கம்பியைச் செருகினான். கணினித்திரை விழித்தது. ஆகா, அந்தத் திரையில் அணிவகுத்த பகைப்படையை என்னென்பேன்! எண்ணெய் அழுத்தம் அறியும் உணரி, வெப்பம் அறியும் உணரி, காற்றை அளக்கும் உணரி எனப் பதினொரு உணரிகள், பதினொன்றும் ஒரே நாழிகையில் பழுதுற்றனவாகச் செந்நிற எழுத்தில் ஓலமிட்டன. ஒரே பானைச் சோறுண்ட பதினொருவருக்கும் வயிறு வலித்தால் பானையை எட்டிப் பார்ப்போம் நாமெல்லாம். சிங்கம் பார்க்குமா? பதினொருவர் வயிற்றையும் தனித்தனியே தடவிப் பார்க்கத் துணிந்தது. எழுத்துகளை அழித்தான், வந்தன. மறுபடி அழித்தான், மறுபடி வந்தன. பையிலிருந்து புது உணரி எடுத்துக் கொடுத்து அழகுமுத்துவை மாட்டச் சொன்னான். பழையது சொன்ன அதே பொய்யைப் புதியதும் சொன்னது. இவ்வாறு நான்கு உணரிகள் களத்தில் வீழ, மணி ஒன்றானது.

"பாஸ், வண்டிய தொறந்து பாக்க மாட்டீங்களா?" என்றாள் சண்முகவடிவு.

"நான் பாஸ் இல்லக்கா, இன்ஜினியர். இந்தக் காலத்து வண்டிய தொறந்தெல்லாம் பாக்குறதில்ல. கம்பியூட்டரே பாத்துரும்."

"அப்ப அதையே கானையும் வெட்டச் சொல்லுங்க."

சிங்கம் செவிமடுக்கவில்லை. மலையுச்சியில் கருமேகங்கள் களிறுகளாகத் திரளத் திரள, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வலக்கையை வானுக்கு உயர்த்தி, அகிலம் நடுங்க அறிவித்தான்: "மூளை செத்துருச்சு! கொழும்புலருந்து புதுசு வரணும். பதினாலு நாளு!"

அழகுமுத்து அப்படியே இரும்புச் சங்கிலித் தடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டான். சண்முகவடிவு உட்காரவில்லை. "மழை மூணு மணிக்கு வரும் பாஸ். அதையும் பதினாலு நாளு கழிச்சு வரச் சொல்லிட்டுப் போங்க."

புதிய மூளை தருவிக்கப் பழைய மூளையின் முதுகில் பொறித்த இலக்கம் வேண்டுமாம். ஆகவே, அண்டசராசரமும் அதுகாறும் கண்டிராத அதிசயமாக, கணேசமூர்த்தி தன் தாமரைக் கரத்தில் சாவி ஏந்தினான்! இருக்கையின் பின்மூடியை அகற்றினான். எஞ்சினை ஆளும் அந்த மூளைப்பெட்டியின் பெரிய பிளக்கைப் பிடித்து இழுத்தான். டீசல் நாற வேண்டிய இடத்தில் சந்தனம் கமழ்ந்தது.

"என்னாங்க, கோயில் வாசம் அடிக்குது?" என்று எட்டிப் பார்த்தாள் சண்முகவடிவு.

பிளக்கின் ஊசிகளுக்கிடையே ஈரம் காயாத சந்தனம். அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. நட்டநடுவே வட்டமாக ஒரு குங்குமப்பொட்டு.

இருவரும் அழகுமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தடத்திலிருந்து எழுந்தான். "ஆயுத பூசைக்கு வண்டி முழுக்கப் பொட்டு வச்சோம். இதுதான் மூளைன்னாங்க. மூளைக்கு வெளிய வச்சாப் பத்தாதுன்னு, பிளக்கக் கழட்டி உள்ளுக்கும் வச்சேன். மஞ்சத்தண்ணி... கொஞ்சூண்டுதான் தெளிச்சேன்."

"கற்பூரம் கொளுத்தலியே, அந்த மட்டுக்கும் சந்தோசம்!" என்றாள் அவள்.

பதினொரு உணரிகளுக்கும் படியளந்த மின்சாரம் இத்தனை நாளும் சந்தனச் சேற்றில் வழி தவறித் திரிந்திருக்கிறது. எண்ணெய் அழுத்தம் இருந்தும் இல்லை என்று செய்தி போக, பாவம் அந்தப் பெட்டி, எஞ்சினைக் காப்பாற்றுவதாக எண்ணி அணைத்து அணைத்து வைத்திருக்கிறது. சொன்னதைச் செய்த மூளைக்குத்தான் சிங்கம் சாவோலை எழுதியது.

பேட்டரி வயரை அழகுமுத்து கழற்றினான். சண்முகவடிவு வீட்டிலிருந்து பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டுவந்தாள். வாங்கிய நாள் முதல் மூடி திறவாத துப்புரவு மருந்துக் குப்பியைச் சிங்கம் தன் பையின் அடியிலிருந்து எடுத்து நீட்டியது. ஊசி ஊசியாக அவளே தேய்த்தாள், அவளே துடைத்தாள், ஈரம் போக முந்தானையால் விசிறியவளும் அவளே. இரண்டேகாலுக்குப் பிளக் ஏறியது, பேட்டரி வயர் பூண்டது, அழகுமுத்து ஏறி முடுக்க, பெக்கோ பிளிறியது. மூன்று வாளி. நான்கு. பத்து. நிற்கவில்லை!

"மூளைலதான் பழுதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று முழங்கிய கணேசமூர்த்தி, வெற்றிப் படம் எடுத்துக்கொள்ளத் தோண்டிய கானின் கரையில் கைப்பேசியோடு காலூன்றினான்.

"சொன்னீங்க பாஸ், சொன்னீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க, மண்ணு கொட்டணும்" என்றாள் சண்முகவடிவு.

அப்போது, முகில்கள் முரசறைய, மின்னல் வாளுருவ, சைப்ரஸ் மரங்கள் தலைவிரித்தாட, இரும்புத் துதிக்கையை ஓங்கி ஓங்கி இறக்கி, மலையின் குடலை வாரி இடப்புறம் வீசி, பாறையைப் பிளந்து, வேரை அறுத்து, மூன்றடிக்க மூன்று நிமிடம் இருக்கையில் கானின் கடைசி அடைப்பையும் தகர்த்தது அந்த மஞ்சள் மதயானை. தகர்த்த கணமே விண்ணின் மதகுகள் அனைத்தும் திறந்து, ஆயிரம் அருவிகள் ஒன்றாகி ஆர்ப்பரித்துப் பணிய லயத்தின்மேல் பாய்ந்தன.

சண்முகவடிவு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.