மூக்கு கோணிய விமானம்

நூல் பிடித்துப் பார்த்த வேலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஞ்சின் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நூலை எடுத்துவிட்டு இன்னொரு தரம் பிடித்தார். வலது பக்கம் மட்டுமல்ல, கொஞ்சம் கீழேயும் பார்த்தது.

ஒர்க்‌ஷாப் மேசைமேல் கிடந்தது முதலாளி பாலசுப்பிரமணியத்தின் ரேடியோ விமானம். தரையில் நின்றபடி கையிலிருக்கும் பெட்டியால் ஓட்டுகிற சின்ன விமானம். பொம்மை என்று அவர் காதில் விழும்படி யாரும் சொல்லக் கூடாது. இரண்டு வருஷமாகப் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து, காகிதக் கனத்தில் மரம் அறுத்து ஒட்டி ஒட்டிச் செய்தது. கடைசி வேலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எஞ்சினைத் தாங்குகிற மவுண்ட்டை மூக்கில் முடுக்க வேண்டும். அதைத் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டரான வேலாமணியிடம் ஒப்படைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்காரம்மா கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க. அவிய முன்னால ஓட்டோணும். ஆயிருமா?"

"ஆயிருமுங்க மொதலாளி."

"படம் இங்க இருக்குது. பார்த்துக்கறயா?"

"படமெதுக்குங்க எனக்கு?"

முதலாளி அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். "அதுவுஞ் செரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷம் அது. சோலூர்ப் பக்கம் இரண்டு ஃபேக்டரிகளுக்குப் பூட்டு விழுந்தாகிவிட்டது. இங்கே வாரத்துக்கு மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. மூன்று நாள் மெஷினுக்கு எதற்கு இரண்டு ஃபிட்டர் என்று ஆபீஸில் பேச்சு அடிபட்டது. ஒருவர் வேலாமணி, இன்னொருவர் தனசிங். இந்த நேரம் பார்த்து முதலாளி தன் உயிருக்கு உயிரான விமானத்தை யாரிடம் கொடுத்தார்? அதற்கு என்ன அர்த்தம் என்று வேலாமணிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அது பறந்துருச்சுன்னா நம்ம வேலைக்கு ஒரு பயமும் இல்ல" என்று வீட்டில் சொன்னார்.

"பறக்கலீன்னா?" என்றாள் மனைவி ஜானகி. அவளுக்கு இப்படிக் கேட்கிற பழக்கம் உண்டு.

"பறக்கும்."

அவருக்குச் சந்தேகமே இல்லை. தேயிலையை நறுக்குகிற இரட்டை ரோலர்களை முடியளவு பிசகாமல் எதிரெதிரே நிறுத்துவதில் இந்த மலையிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. கல்யாணப் பந்தலில் ஒரு கால் சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. டாக்டரிடம் போனாலும் சுவரிலிருக்கும் காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் இப்படி ஒரு மூக்கு. எஞ்சின் உட்கார வேண்டிய பிளைவுட் பலகையையே முதலாளி சாய்வாக ஒட்டி வைத்திருந்தார். பாவம், பெரிய மனிதர், கண் கொஞ்சம் மங்கியிருக்கும் என்று வேலாமணிக்கு இரக்கம் வந்தது. சொல்லிக் காட்டுவது மரியாதையில்லை. சத்தமில்லாமல் சரிசெய்துவிட வேண்டியதுதான்.

மவுண்ட்டுக்கு அடியில், வலது பக்கத்தில் இரண்டு வாஷர் கொடுத்தார். கீழ்ப் பக்கத்தில் இன்னும் ஒன்று. நூல் பிடித்தார். நேர். அப்போதுதான் பெருமூச்சு விட்டார்.

தனசிங் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, படத்தப் பாத்தீங்களா? எஞ்சினைக் கோணலாத்தான் போட்டிருக்கு. காத்தாடி சுத்துற வேகத்துல மூக்கு எடது பக்கம் இழுக்குமாம். அதுக்குத்தான் வலது பக்கம் சாய்ச்சு வெக்கிறது."

வேலாமணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஓகோ, கதை அப்படிப் போகிறதா? தன்னைக் கோணலாக மாட்டவைத்து, முதலாளியிடம் கெட்ட பேர் வாங்கிக்கொடுத்து, அந்த ஒரு வேலையைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்.

"தம்பி, கோணலா மாட்டுனா எந்த மெஷினுப்பா ஓடும்? போயி உன்ற வேலையப் பாரு."

"இல்லண்ணே, படத்துல..."

"போப்பா."

தனசிங் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

வியாழக்கிழமை போல்ட்டுகள் தகராறு செய்தன. வாஷர் ஏறிய கனத்தில் நுனி நட்டை எட்டவில்லை. வேலாமணி பழைய சாமான் பெட்டியைக் கிளறி நீளமான இரும்பு போல்ட்டாக நான்கு எடுத்து முடுக்கினார். அவை எட்டின. எட்டியதோடு நில்லாமல் பலகையைத் தாண்டி உள்ளே போய், பின்னாலிருந்த எண்ணெய் டப்பாவைக் குத்தின.

டப்பாவைப் பின்னால் தள்ளினார். டப்பா பேட்டரியைத் தள்ளியது. பேட்டரியை இறக்கைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார். எஞ்சின்மேல் மாட்டுகிற மூடி இப்போது பொருந்தவில்லை, அதன் ஓட்டை பழைய கோணல் எஞ்சினுக்காக வெட்டியது. அரம் போட்டு ஓட்டையைப் பெரிதாக்கினார். மூடி இரண்டாகப் பிளந்தது. ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"இறக்கைக்கு அடியில ரெண்டு வெரல் வெச்சுத் தூக்குனா சமமா நிக்கோணும், தெரியுமல்லோ?"

"நிக்குமுங்க."

அவர் தலை மறைந்ததும் தூக்கிப் பார்த்தார். விமானம் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தது. மூக்கில் ஓர் ஈயக்கட்டியைத் திணித்தார். கவிழ்ந்து தரையைப் பார்த்தது. வாலில் ஒரு நட்டைக் கட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகச் சமமாக நின்றபோது, விமானம் ஒரு கைக்குழந்தை கனத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் எஞ்சின் நேராக இருந்தது. அதில் மட்டும் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் கிரவுண்டில் கூட்டம். சுற்றுவட்டாரத்தில் சமதளம் அது ஒன்றுதான். முதலாளி மனைவி ராஜகுமாரி சால்வையைப் போர்த்திக்கொண்டு கார் பக்கத்தில் நின்றார். டிரைவர் ஒச்சப்பன் பானெட்டில் சாய்ந்திருந்தார். நாற்பது தொழிலாளிகளும் வந்திருந்தார்கள். வேலாமணி ஓரமாக நின்று குலதெய்வத்தைக் கூப்பிட்டார். இது மட்டும் பறந்துவிட்டால் போதும், வருஷா வருஷம் வந்து பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

எஞ்சின் அலறியது. விமானம் ஓடத் தொடங்கியது. பத்து அடி நேராக ஓடியது. பிறகு இடது பக்கம் திரும்பியது. முதலாளி பெட்டியில் குச்சியை வலது பக்கம் தள்ளினார். அது காதில் வாங்கவில்லை. ஆள் உயரத்துக்கு எம்பியது, இடது பக்கமாகச் சாய்ந்தது, கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது.



"ஏனுங்க, இதுக்குப் பேரு பறக்கறதாக்கும்?" என்றார் ராஜகுமாரி.

"பறக்கலீன்னு சொல்றயா?" என்று முதலாளி கவலையோடு கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நாலடி எம்பிக் குப்புற விழுந்துச்சு. கோழி இதவிட நல்லாப் பறக்கும்." ராஜகுமாரி காருக்குள் ஏறிக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

வேலாமணி ஓடிப்போய்ச் செடிக்குள் கை விட்டார். இறக்கை மூன்று துண்டு. வால் காணோம். மவுண்ட்டும் எஞ்சினும் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டு வருஷ வேலை போயிற்று. ஜானகியிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னுதுதானுங்க. மூக்கு கோணலா இருந்துச்சு. மனசு கேக்காம நேர் பண்ணிப்போட்டனுங்க. தனசிங் சொன்னான், நாந்தான் கேக்கல."

முதலாளி துண்டுகளைப் பார்த்தார். வேலாமணியைப் பார்த்தார். தோளில் கை வைத்தார்.

"நாளைக்கே புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறன். முடிய இன்னொரு ரெண்டு வருசம் ஆகும். அதுக்கும் நீதான் எஞ்சின் மாட்டோணும்" என்றார். "தனசிங்கும் நீயும் எப்பவும் போல வேலைக்கு வாங்க." ஒரு பாட்டை முணுமுணுத்தபடி நடையைக் கட்டினார்.

வேலாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படலாமா என்றும் தெரியவில்லை. ஒச்சப்பனிடம் போனார்.

"ஏனுங்க டிரைவரே, வேலைய விட்டுத் தொரத்துவாருன்னு பார்த்தா பாட்டுப் பாடிட்டுப் போறாரு?"

ஒச்சப்பன் காருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலாமணியைத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"வர்ற வழி பூரா அம்மா அதத்தான் சொல்லிட்டு வந்தாக. இந்தப் பிளேன் பறந்த அன்னைக்கே பேக்டரியப் பூட்டிட்டுக் கோயமுத்தூர் வந்துர்றேன்னு மொதலாளி சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு. பண்ணின சத்தியத்தத் தன் கையாலேயே கெடுக்க முடியுமா?"

வேலாமணி கையிலிருந்த எஞ்சினையே பார்த்தார்.

"அப்ப என்னத்துக்குங்க எங்கிட்டப் போயி குடுத்தாரு?"

"வேற யார்கிட்டய்யா குடுப்பாரு? தனசிங்னா படத்துல இருக்கிற மாதிரியே மாட்டிப்புடுவான்ல!"