பதினொரு கிலோ இருநூறு கிராம்

மனைவியை ஏமாற்றுவது என்று குப்புராஜ் முடிவெடுத்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்தாறு வருட மணவாழ்க்கையில் அதுதான் முதல் முயற்சி. பழக்கமில்லாத வேலையில் இறங்குகிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் விமானம் கட்டியவர்கள்கூட ஆரணியில் அதற்கு முன்னால் யாரும் இல்லை. அதை அவர் செய்து காட்டவில்லையா?

இருபது வருடம் விமானப்படையில் அடுத்தவர் ஓட்டும் விமானங்களுக்குத் திருகாணி முடுக்கியவர். ஊர் திரும்பி வேறு வேலைகளில் நாளை ஓட்டி முடித்ததும், சேத்துப்பட்டு ரோட்டில் தன் வீட்டை ஒட்டிய பழைய நெல் கிடங்கில் சொந்தமாக ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். ஆறு வருடம் ஆயிற்று. அலுமினியக் குழாய், துணி போர்த்திய இறக்கை, இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஒரே ஓர் இருக்கை. பார்க்க வருகிறவர்கள் முதலில் “எத்தினி பேரு உக்காரலாம்?” என்று கேட்பார்கள். “ஒருத்தர்” என்றதும் முகம் விழுந்துவிடும். ஷேர் ஆட்டோவிலேயே பத்துப் பேர் போகிற ஊர்.

கட்டி முடித்தால் வேலை முடிந்ததென்று நினைப்பவர்களுக்கு விமானத்தைத் தெரியாது. அது பறந்தாலும் பறக்காவிட்டாலும் பராமரிப்பு கேட்கும். வாரம் ஒருமுறை இன்ஜினை ஓட்ட வேண்டும். கம்பிகள் தொய்ந்திருக்கின்றனவா என்று விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். இறக்கைத் துணியை எலி கடிக்காமல் காக்க வேண்டும். காற்றைப் பிடித்து வேகம் சொல்லும் மெல்லிய குழாய் ஒன்று இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்ட நாள்முதல் ஊர்க் குளவிகளெல்லாம் அங்கேதான் மண்கூடு கட்டின. மனைவி மணிமேகலை ரவிக்கைத் துணியில் அதற்கு ஒரு குல்லாய் தைத்துச் சிவப்புக் குஞ்சமும் வைத்துக் கொடுத்தாள். அதன்பிறகு குளவிகள் வேறு இடம் பார்த்தன.

மணிமேகலைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. விமானத்தில் எதைக் கழற்றினாலும் எதை மாட்டினாலும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். செய்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. எடையையும் எழுத வேண்டும், ஏனென்றால் இத்தனை கிலோவுக்கு மேல் போனால் அது எழும்பாது. சரிபார்க்க வேறு ஆள் கிடைக்காமல் குப்புராஜ் மனைவியிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அது. ஏனென்றால் மணிமேகலை முப்பத்தொரு வருடம் பட்டு நெசவாளர் சங்கத்தில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவள். நெசவாளிக்கு நூலை நிறுத்துக் கொடுப்பாள். புடவையாக வரும்போது நிறுத்து வாங்குவாள். கிராம் பிசகக்கூடாது. எப்போதாவது ஒருவர் நூலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, புடவையை ஈர மணல்மேல் வைத்திருந்து கொண்டுவருவார். பட்டு ஈரத்தைக் குடித்து எடையைக் கூட்டிக் காட்டும். மணிமேகலை அந்தப் புடவையைக் கன்னத்தில் ஒருதரம் வைத்துப் பார்ப்பாள். “காயட்டும், பாத்துக்கலாம்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். திட்டமாட்டாள். அதுதான் வந்தவருக்கு இன்னும் சங்கடம்.

சென்னையிலிருந்து அலுவலர் ஒருவர் வந்து விமானத்தைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் பறக்கலாம். அவர் வருவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மணிமேகலை நிபந்தனை போட்டாள்.

“குடை ஒண்ணு வாங்குங்க.”

“இன்னா குடை? வீட்லதான் மூணு கீதே.”

“விமானத்துக்குங்க. கைப்பிடிய இழுத்தா விரிஞ்சி, விமானத்தையே ஏந்திகினு வந்து எறக்குமாமே. உங்க புத்தகத்துல படம் போட்டுக் கீது.”

“பாராசூட்டா? அதெல்லாம் கடல்மேல, மலைமேல பறக்கறவனுக்கு. இங்க கீழ வயலுதான். வுழுந்தா சேறு.”

“சேத்துல வுழுந்தவர யாரு கழுவி எடுக்கறது?”

“பதினோரு கிலோ மேகலை அது!”

“நீங்க எத்தினி கிலோ?”

“எழுபத்தெட்டு.”

“காத்தால எழுபத்தெட்டு கிலோ நிறுத்து அனுப்புவேன். சாயங்காலம் எழுபத்தெட்டு கிலோ திரும்பி வரணும். குடை இல்லாங்காட்டி நோட்டுல கையெழுத்து கெடையாது.”

குப்புராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது எடையைப் பற்றிய பேச்சு என்றே அவர் நினைத்தார்.

அவர் மனம் வேறொன்றில் இருந்தது. கை அகல வண்ணத் திரை ஒன்று. வேகம், உயரம், இன்ஜின் சூடு, கீழே ஓடும் ஊர்களின் வரைபடம், எல்லாவற்றையும் ஒரே கண்ணாடியில் காட்டும். ஆறு வருடமாக அதன் படத்தை போனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராசூட் விலைதான் திரையின் விலையும். மனைவிக்காகப் பாராசூட்டுக்குச் சொல்லிவைத்திருந்த பெங்களூர் கடைக்காரர் சுப்பராயலுவுக்கு போன் போட்டார்.

“சுப்பராயலு, குடை வேணாம். அதுக்குப் பதிலா அந்தத் திரைய அனுப்பு.”

“வீட்ல கேட்டுட்டீங்களா சார்?”

“விமானம் என்னுது.”

“அது சரி சார். வீட்ல கேட்டுட்டீங்களா?”

“அனுப்புய்யா!”

திரை வந்தது. ஒரு கிலோ நானூறு கிராம் பெட்டி. கிடங்கு மூலையில் கெட்டுப்போய்க் கிடந்த வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் அதை ஒளித்தார். அலுவலர் வந்து போகட்டும், பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இனி பாராசூட் வேண்டும். அதாவது, பாராசூட் மாதிரி ஒன்று. கெட்டித் துணியில் பை தைத்தார். மொபெட் பிரேக் கம்பியில் சிவப்புக் கைப்பிடி வைத்தார். கடைவீதியில் “பாராசூட், 11.2 கிலோ” என்று லேபிள் அடித்து ஒட்டினார். உள்ளே எதை நிரப்புவது? மணல் என்றால் விரலுக்குக் கல்லாக இருக்கும். உமி என்றால் ஒரு மூட்டை போட்டாலும் எடை வராது. நெல் போட்டால் பெரணமல்லூர் வரைக்கும் உள்ள எலிகள் வந்து சேரும். மெத்தென்று இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும், ஊரில் சுலபமாகக் கிடைக்க வேண்டும். ஆரணியில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். நூல் முறுக்கும் மில்லில் கழித்துப் போடும் பட்டு நூல் சிக்கல். கத்திரி வெயிலில் காய்ந்து மொறமொறவென்று கிடந்ததை வாங்கிவந்து பைக்குள் திணித்தார். மூன்று தடவை நிறுத்தார். பையோடு சேர்த்துச் சரியாகப் பதினொரு கிலோ இருநூறு கிராம். தன் நேர்மையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

பக்கத்து வீட்டு எல்லப்பன் அரிசி மில்லில் எடை போடுகிறவன். மூன்று தராசு கொண்டுவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தான். விமானத்தை ஏற்றினார்கள். முன்பு நூற்று ஐம்பத்தொரு கிலோ நானூறு. இப்போது நூற்று அறுபத்திரண்டு கிலோ அறுநூறு. கழித்துப் பார்த்தாள் மணிமேகலை. பையை ஒரு விரலால் அழுத்தினாள்.

“மெத்துனு கீதே.”

“நைலான்.”

“ஓ” என்று கையெழுத்துப் போட்டாள்.

அன்று குப்புராஜ் காரணமில்லாமல் அரைக் கிலோ மல்லி வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. கமண்டல நாகநதியில் தண்ணீரைப் பார்க்க ஊரே பாலத்துக்குப் போயிற்று. நாலாம் நாள் குப்புராஜ் விமானத்துக்குப் புது பேட்டரி மாற்றினார். பழையதைவிட நானூறு கிராம் அதிகம். மறுபடியும் தராசு, மறுபடியும் நோட்டு. நூற்று அறுபத்து மூன்று காட்ட வேண்டும்.

“அறுபத்து மூணு முந்நூறு” என்று படித்தான் எல்லப்பன்.

“முந்நூறு கிராம் எங்கேர்ந்து வந்துது?” என்றாள் மணிமேகலை.

“தராசு கோளாறு” என்றார் குப்புராஜ்.

“அண்ணே, இன்னா வேணா சொல்லு. என் தராசச் சொல்லாத.” எல்லப்பன் ஓடிப்போய் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிவந்து மூன்றிலும் வைத்துக் காட்டினான். மூன்றும் இருபது என்றன.

“அப்ப டயர்ல சேறு.”

மணிமேகலை குனிந்து டயரைக் கையால் தடவினாள். “சேறு இல்லைங்க.”

“ரெக்கைத் துணி ஈரம் புடிச்சிருக்கும்.”

“பெயின்ட் அடிச்ச துணி. தண்ணி வழிஞ்சி ஓடிடும்னு நீங்கதான சொன்னீங்க?”

“முந்நூறு கிராமுக்கு இவ்ளோ பேஜாரா மேகலை? ஒரு ஆப்பிள் எடை!”

மணிமேகலை நோட்டைக் கீழே வைத்தாள். விமானத்தை ஒருதரம் சுற்றி வந்தாள். இருக்கைக்குப் பின்னால் கட்டியிருந்த பைக்கு எதிரில் நின்றாள். மெல்லக் குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்தாள். கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே இருந்தாள்.

குப்புராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு வருடம் கழித்தாவது அவளுக்கும் விமானத்தின்மேல் பாசம் வந்துவிட்டதே!

“காயட்டும், பாத்துக்கலாம்” என்றாள் மணிமேகலை. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதற்கடுத்த வாரம் பெரணமல்லூரில் அவள் தம்பி மகன் புது வீட்டில் குடிபுகுந்தான். “எனக்கு முட்டி வலி, நீங்க போய்ட்டு வாங்க. ஜல்தி வராதீங்க, மாமா நிக்கலன்னு கொற சொல்லுவாங்க. மூணு நாள் இருங்க” என்றாள். குப்புராஜ் மூன்று நாள் இருந்து, வேட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். கட்டிலில் புது மெத்தை விரித்திருந்தது.

“இன்னா இது, புதுசா கீது?”

“பழசு கட்டி தட்டிப் போச்சு, முதுகு நோவுதுன்னு பொலம்பிகினு இருந்தீங்களே.”

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அதில் படுத்தார். முதுகு இருக்குமிடமே தெரியவில்லை.

“மேகலை! ஆகாசத்துல மெதக்கற மாதிரி கீது!”

“இருக்கும்” என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

பன்னிரண்டு நாள் மிதந்தார். பதின்மூன்றாம் நாள் காலை அலுவலர் வந்தார். மூக்குக் கண்ணாடி, குறைவான பேச்சு. கம்பிகளைச் சுண்டினார். திருகாணிகளைத் தொட்டார். குஞ்சம் வைத்த குல்லாயைப் பார்த்து மட்டும் லேசாகச் சிரித்தார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, “ரெண்டு கையெழுத்தும் ஒழுங்கா இருக்கு” என்றார். பிறகு பையின்மேல் கை வைத்தார்.

“இதைத் திறங்க.”

குப்புராஜ் பைக்கு முன்னால் வந்து நின்றார். “சார், மடிச்சி வெச்சது… கலைச்சா திரும்ப மடிக்கறது கஷ்டம்…”

“எப்படி மடிச்சிருக்கீங்கன்னுதான் நான் பாக்கணும்.”

ஆறு வருடம் கண்முன்னால் ஓடியது. பை வாயைத் திறந்ததும் பட்டுச் சிக்கல் பிதுங்கி வெளியே வரும். அலுவலர் கண்ணாடியைக் கழற்றுவார். கோப்பு மூடப்படும். விமானம் கிடங்கிலேயே நிற்கும், அதில் கோழி அடையும். கிடங்குக் கதவைப் பார்த்தார், ஓடுகிற வயதில்லை. மனைவியைப் பார்த்தார்.

“மேகலை, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அப்புறம் சொல்லுங்க. சார் காத்துகினு கீறாரு.”

அவளே முன்னால் வந்து பையின் வாரை அவிழ்த்தாள். மேல்மடிப்பை விலக்கினாள்.

உள்ளே செம்பருத்தி நிறத்தில் நைலான். மடிப்புமேல் மடிப்பாக, சங்கத்து அலமாரியில் புடவை அடுக்கின மாதிரி. ஓரத்தில் செய்த கம்பெனியின் முத்திரை. பையும் அவர் தைத்த பை இல்லை. தையல் வேறு, கைப்பிடி வேறு. லேபிள் மட்டும் அவருடையது. உரித்தெடுத்துப் பத்திரமாக ஒட்டியிருந்தது.

“நல்லா இருக்கு” என்றார் அலுவலர். “நிறையப் பேர் இதுலதான் கை வெச்சிடுவாங்க. நீங்க பொறுப்பான ஆளு சார்.” குப்புராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் உயிர் இல்லை.

ஜீப் ரோட்டில் ஏறியதும் குப்புராஜ் வாஷிங் மெஷினுக்கு ஓடினார். பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. தூக்கிப் பார்த்தார். அதே கனம். அப்பாடா என்று பிரித்தார்.

பட்டு நூல் சிக்கல்.

நம்பமுடியாமல் தராசில் வைத்தார். ஒரு கிலோ நானூறு. கிராம் பிசகவில்லை. அலுவலருக்காகத் தராசு கொண்டுவந்திருந்த எல்லப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி, அழுக்கே இல்லாத இன்னொரு தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மணிமேகலை நோட்டோடு வந்து நின்றாள்.

“சுப்பராயலுக்கு போன் போட்டேன். திரைய எடுத்துகினு குடைய அனுப்பிச்சிட்டாரு. நல்ல மனுசன். ‘நான் அப்பவே கேட்டேம்மா, வீட்ல சொன்னீங்களான்னு’ன்னாரு.”

“உனுக்கு எப்படித் தெரிஞ்சிது?”

“மூணு நாள் மழையில முந்நூறு கிராம் ஏறிச்சே. நைலான் தண்ணி குடிக்காதுங்க. பட்டுதான் குடிக்கும்.”

குப்புராஜ் தரையில் உட்கார்ந்தார். பறக்க அனுமதி வந்துவிட்டது; அதைக் கொண்டாடக்கூட முகம் இல்லை. அந்த நிலையிலும் இருபது வருட விமானப்படைக் கணக்கு தலைக்குள் தானாக ஓடியது. பையோடு சேர்த்துப் பதினொன்று இருநூறு, அதில் ஒன்று நானூறு போனால் ஒன்பது எண்ணூறு.

“மிச்சம் ஒம்போது கிலோ எட்நூறு எங்க?”

மணிமேகலை நோட்டில் தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடினாள்.

“பன்னெண்டு நாளா அதும்மேலதான மெதந்துகினு கீறீங்க.”