தையல்காரர் வீட்டுப் பவளம்

எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தையல்காரர் மனைவிக்குப் பயம். பயம் அவளுக்குப் புதிதில்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க, படி இறங்கிய பிறகு மூன்று தடவை ஏறி வருகிறவள். ஆனால் இது உயிர் போகிற விஷயம். தப்பாகச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அக்காவிடம் சொன்னபோது அப்படித்தான் ஆயிற்று. அதனால் நெஞ்சுவலியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

தையல்காரருக்கு ஒரு தடவை நெஞ்சுவலி வந்து போனது. "எதையாவது பார்த்து மனசை அமைதியா வெச்சுக்குங்க" என்றார் டாக்டர். இவர் துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்தார். அதில் வளர்க்க விட்ட மூன்று உயிர்ப் பவளமும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒவ்வொன்று சாகும்போதும் அவருக்கு ரத்த அழுத்தம் ஒரு படி ஏறியது.

நாலாவதுக்குச் சபதமே போட்டார்.

"நானே போனாலும் அது போகக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு வாங்கறேன்."

வண்ணமீன் கடைக்கு அவளும் கூடப் போனாள். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று தோல் பவளம். தவிட்டு நிறத்தில், காளான் குடை மாதிரி. இன்னொன்றில் கல் முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய குஞ்சம்.

"ரெண்டும் லேசுல சாகாது. புதுசா வளர்க்கறவங்களுக்கு நல்லது. ஆனா பச்சையில விஷம் உண்டு. காயம் பட்ட கையால தொடாதீங்க. சூடு காட்டவே கூடாது. ஒருத்தர் அந்தக் கல்லைக் கொதிக்க வெச்சு, அந்த ஆவியில வீட்ல நாலு பேரும் ஆஸ்பத்திரி."

தையல்காரர் பொத்தான்களைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். கோட்டுப் பொத்தான் அளவு.

"பச்சையையே கட்டுங்க."

"என்னங்க, உங்க விரல் ஊசி குத்திச் சல்லடையா இருக்கு. காளானையே வாங்கிக்கலாம்."

"காளானைப் பார்த்தா அமைதி வருமா?"

"விஷத்தைப் பார்த்தா வருமா?"

"உன்னைப் பார்த்துக்கிட்டு இருபத்தெட்டு வருஷம் ஓட்டலியா?"

பச்சை வீட்டுக்கு வந்தது. பத்து நாளில் கல்லின் ஓரத்தில் பாசி பிடித்தது.

"கறைதானே? ஆவி காட்டினா ஓடிடும்."

தொழிலில் அவர் நம்பிய ஒரே தெய்வம் ஆவி இஸ்திரிப்பெட்டி.

"ஐயோ, கடைக்காரர் என்ன சொன்னார்?"

"அவர் மீன் விக்கறவர். கறையைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே அடிபட்ட நெஞ்சு. ஒரு மூச்சு போதும். மறுநாள் அவர் அளவெடுக்க வெளியே போனதும், இரண்டு கையுறை மாட்டி, வாயில் துணி கட்டி, கல்லை மூடி போட்ட வாளியில் வைத்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கல் இல்லையென்றால் வீடு இரண்டாகிவிடும். தையல் கடையில் கொக்கியும் பொத்தானும் தைக்கிறவள் அவள்தானே? இருபத்திரண்டு பொத்தானுக்குப் பச்சைத் துணி பொதிந்தாள். சுற்றிலும் நைலான் நூலைக் குஞ்சமாகப் பிரித்துவிட்டாள். ஒரு சாதாக் கல்லில் கட்டித் தொட்டியில் இறக்கினாள். மறக்காமல், தொட்டிச் சுவரிலிருந்து கொஞ்சம் பாசியையும் வழித்து ஓரத்தில் தடவினாள்.

"பார்த்தியா, என்னமா ஆடுது! உயிர்னா இதுதான் உயிர்" என்றார் தையல்காரர்.

அந்த வாரமே கேட்டார். "பாங்குக்குப் போறியே, எப்போ திரும்புவே?"

இருபத்தெட்டு வருஷத்தில் கேட்காத கேள்வி. அவள் பாதி வழியிலேயே திரும்பினாள்.

இஸ்திரிப்பெட்டி சீறிக்கொண்டிருந்தது. தையல்காரர் வெட்டு மேஜைமேல் மல்லாந்து கிடந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு.

"ஆவி காட்டிட்டேன். முகத்துக்கு நேரா அடிச்சிருச்சு. நாக்கு மரத்துப்போச்சு. நாலு பேர் ஆஸ்பத்திரின்னு சொன்னார் இல்ல?"

"அது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. நீயும் அதையே சொன்னியா, அதனால கேக்கலை." இருமினார். "மூணு சட்டை அரைகுறையா நிக்குது. காலரை நீயே முடிச்சுக் குடுத்துடு. உன் பேச்சைக் கேட்டிருக்கணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை கேட்க அவளுக்கு ஆசைதான். ஆனால் அவர் கை நெஞ்சைத் தேடிப் போனது. கல்லை வெறுங்கையால் எடுத்து, ஒரு பொத்தானைப் பிய்த்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நம்ம கடைத் துணிங்க இது. நான் தைச்சது. விஷக்கல்லு அன்னிக்கே கடைக்குத் திரும்பிப் போயாச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சிலிருந்த கை மெல்ல இறங்கியது.

"தையல் கெட்டியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

மறுநாள் அவளே போய்த் தோல் பவளத்தை வாங்கி வந்தாள். அதையும் கையுறையோடுதான் தொட வேண்டுமாம். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டாள். அப்போதும் மனசு ஆறவில்லை. இஸ்திரிப்பெட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டி, இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். இப்போதெல்லாம் ஒரு காலருக்கு ஆவி காட்டுவதென்றாலும், தையல்காரர் சாவிக்காக அடுப்படி வாசலில் வந்து நிற்கிறார்.