அதிகாரமின்றி ஆளை அசைத்தல்

கோயில் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் நேராகத் தன் அறை யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பதை யதுர்ஷன் கண்டது புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவனுடைய பதவியுயர்வு நேர்முகம். அதே வெள்ளிக்கிழமைதான் பிள்ளையாருக்கும் முதலாம் திருவிழா.

யதுர்ஷன் முள்ளியவளையில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். பன்னிரண்டு வருடத்தில் ட்ரெய்னி, எஞ்சினியர், சீனியர் எஞ்சினியர் என்று ஏறி, அடுத்த படியான ஸ்டாஃப் எஞ்சினியரில் இரண்டு தரம் வழுக்கி விழுந்திருந்தான். இரண்டு தரமும் ஒரே குறிப்பு: 'வேலையில் குறை சொல்ல முடியாது. அதிகாரம் இல்லாமல் ஆட்களை அசைக்கத்தான் தெரியவில்லை.' மூன்றாம் தரமும் விழுந்தால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்குள், அவனிடம் வேலை பழகிய விதுசன் அவனுக்கே மேலதிகாரியாகி, "அண்ணை, இந்தக் கிழமை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்கத் தொடங்கிவிடுவான்.

எனவே இந்தமுறை ஆபத்துகளுக்கு அட்டவணை போட்டிருந்தான். கறண்ட் நின்றால்? மூன்று மணித்தியாலம் தாங்கும் மடிக்கணினி, பற்றறியில் ஓடும் ரூட்டர். அதுவும் போனால்? ஒலிபெருக்கிக்காரர் ராஜரத்தினத்திடம் இரவல் வாங்கிய ஜெனரேற்றர், பின்வளவுக் கொட்டிலில் சாக்கு மூடி நின்றது. நாய்க்குக்கூட ஒரு வரி ஒதுக்கியிருந்தான். பிள்ளையாரை மறந்துவிட்டான்.

"போய் வாயால கேளுங்கோவன். ராஜரத்தினம் அண்ணை என்ன கடிக்கிறவரே?" என்றாள் மனைவி சுரேகா.

"இது சும்மா கேக்கிற விசயமில்லை. சம்பந்தப்பட்ட ஆக்கள் எல்லாரையும் ஒரு நோக்கத்துக்குக் கொண்டு வரவேணும்."

"ஜெனரேற்றரை எப்பிடி வாங்கினனீங்கள்?"

"கேட்டனான்."

"தந்தவரோ?"

"தந்தவர்."

"அப்ப?"

"அது சின்ன விசயம், சுரேகா."

அன்று மத்தியானத்துக்குள் எட்டுப் பக்க அறிக்கை தயாரானது. பின்னணி, நோக்கம், மூன்று மாற்று வழிகள், ஒலி பரவும் திசையைக் காட்டும் நீல அம்புக்குறிகள். ராஜரத்தினம் ஏணியில் நின்றபடியே அதை வாங்கித் தலைகீழாகப் பார்த்தார்.

"கண்ணாடி வீட்டில தம்பி. என்ன வேணும், சொல்லுங்கோ."

"குழாயைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பேலுமோ?"

"அதுக்கென்ன," என்று திருப்பினார். இறங்கி, அறிக்கையை மடித்து, ஏணி ஆடாமல் அதன் காலடியில் செருகினார்.

அறிக்கை வேலை செய்துவிட்டது என்று யதுர்ஷன் தன் அட்டவணையில் பச்சை நிறம் பூசினான்.

வியாழன் விடிய ஐந்து மணிக்குப் பரீட்சார்த்தமாகப் பாட்டுப் போட்டார்கள். ஐந்தரைக்கு அவன் வீட்டுப் படலையில் அப்புத்துரை நின்றார். கோயில் தலைவர், இளைப்பாறிய சங்கக்கடை மனேஜர், பிறஷர் வருத்தக்காரர்.

"குழாயை என்ர படுக்கைக்கு நேர திருப்பச் சொன்னது நீர்தானாம்?"

யதுர்ஷன் நேர்முகத்தை விளக்கினான். சீனியரிலிருந்து ஸ்டாஃப் ஆகப் போவதையும் சொன்னான்.

அப்புத்துரையின் முகம் இளகியது. "சீனியரா இருந்தவரை ஸ்டாஃப் ஆக்கிறாங்களோ? என்ன பிழை விட்டனீர்?"

"இல்லை ஐயா, அது மேல. சீனியரை விட மேல."

"எங்கட சங்கத்தில கூட்டிறவனும் ஸ்டாஃப்தான்." அவர் யோசித்தார். "சரி, மேல எண்டால் மேலதான். ஊர்ப்பிள்ளை உயர்ந்தால் எங்களுக்கும் பெருமைதானே. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். அமைதிக்கு நான் பொறுப்பு."

அவர் பொறுப்பெடுத்த அமைதி எட்டு மணிக்கு ஆரம்பித்தது. குழாய் பழையபடி யன்னலுக்குத் திரும்பியிருந்தது.

"எமது கிராமத்தின் மைந்தன், பிரதம பொறியியலாளர் யதுர்ஷன் அவர்களுக்கு நாளை முக்கியமான நேர்முகம் இருப்பதால், வாகனச் சாரதிகள் ஹோர்ன் அடிப்பதைத் தவிர்க்குமாறும், பொதுமக்கள் அமைதி காக்குமாறும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்."

கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம்.

யதுர்ஷன் கோயிலுக்கு ஓடினான். "ஐயா, இந்த அறிவித்தலை நிப்பாட்டினால் நல்லம்."

"தன்னடக்கம்!" என்று அப்புத்துரை பக்கத்திலிருந்தவர்களுக்குக் காட்டினார். அடுத்த அறிவித்தலில் 'தன்னடக்கத்தின் சிகரம்' சேர்ந்துகொண்டது.

பின்னேரம் சந்தியில் பதாகை ஏறியது. எட்டடி அகலம். அவனுடைய கலியாணப் படத்திலிருந்து சுரேகாவை வெட்டி எடுத்திருந்தார்கள். அவளுடைய இடது கை மட்டும் அவன் தோளில் அநாதையாகக் கிடந்தது. 'பிரதம பொறியியலாளராகப் பதவியுயர்வு பெற்ற எங்கள் மண்ணின் மைந்தனை வாழ்த்துகிறோம்.'

"இன்னும் பெறேல்லை ஐயா!"

"நாளைக்குப் பெறுவீர்தானே. திருவிழா பத்து நாளும் கிடக்கட்டும்."

தோற்றால் பத்து நாளும் அந்தப் பதாகைக்குக் கீழாலேதான் கடைக்குப் பாண் வாங்கப் போகவேண்டும் என்று யதுர்ஷனுக்கு விளங்கியது. வாழைக்குலையோடும் கேக்கோடும் ஆட்கள் வேறு வரத் தொடங்கினார்கள். ஒருவர் தன் மகனுக்கு வேலை கேட்டார். இன்னொருவர் பழுதான பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார்.

வெள்ளிக்கிழமை அவன் கடைசி நடவடிக்கை எடுத்தான். சுரேகா அன்னதானச் சமையலுக்குப் போனதும் படலைக்கு ஆமைப்பூட்டுப் போட்டான். யன்னல்களைச் சாத்தினான். சத்தம் கேட்குமென்று மின்விசிறியையும் நிறுத்தினான். போனை ஊமையாக்கி, காது முழுவதையும் மூடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமர்ந்தான். பத்துக்கு முதலே கழுத்துப்பட்டி நனைந்துவிட்டது.

திரையில் மூன்று பேர். தலைமை கௌசலா, கம்பனியில் எல்லாருக்கும் 'மடம்', கொழும்புத் தமிழர்.

"யதுர்ஷன், பின்னால கேக்கிறது உங்கட பேரா?"

"...தன்னடக்கத்தின் சிகரம், பிரதம பொறியியலாளர்..." என்றது சாத்திய யன்னல்.

"அது... கோயில், மடம்."

"பிரதம பொறியியலாளரா? நாங்க இன்னும் முடிவே எடுக்கல்லையே."

மற்ற இருவரும் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

"சரி, கேள்விக்கு வருவம். உங்களுக்கு ஒரு அதிகாரமும் இல்லாத இடத்தில, ஆக்கள எப்பவாவது ஒரு விசயத்துக்குச் சம்மதிக்க வச்சிருக்கிறீங்களா? ஒரு உதாரணம் சொல்லுங்க."

இரண்டு தரம் அவனை விழுத்திய அதே கேள்வி. மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டினான்.

அந்த நேரம் ஒலிபெருக்கி நின்றது. பாதிச் சொல்லில், கத்தியால் வெட்டியதுபோல.

யதுர்ஷன் ஒரு விரலை மெல்ல உயர்த்தினான்.

"இதுதான் மடம் உதாரணம்."

"விளங்கல்ல."

"இந்தக் கோயிலில எனக்கு ஒரு பதவியும் இல்லை. ஆனால் தலைவரிலயிருந்து ஒலிபெருக்கிக்காரர் வரைக்கும் எல்லாரையும் ஒரு நோக்கத்துக்குக் கொண்டுவந்தனான்." எட்டுப் பக்க அறிக்கையின் நகலைக் கமராவுக்கு முன் பிடித்தான். நீல அம்புக்குறிகள் திரையில் மின்னின.

கௌசலா மடம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கட வீட்டடி ஸ்பீக்கரோட நான் ஒன்பது வருசமா சண்டை. திருவிழா நாளில, சொன்ன நேரத்துக்கு நிப்பாட்டியிருக்கிறீங்க!"

மிச்ச நேரமெல்லாம் அவர்தான் கேட்டுக் குறிப்பெடுத்தார். பதினொன்றரைக்கு முடிவைச் சொன்னார்கள். ஸ்டாஃப் எஞ்சினியர். ஒருமனதாக.

யதுர்ஷன் கதிரையில் அப்படியே சரிந்தான். பன்னிரண்டு வருட மூச்சு ஒன்றாக வெளியே போனது. விதுசன் விதுசனாகவே இருப்பான். பதாகை இனிப் பொய்யில்லை. பாண் வாங்கப் போகலாம். ஹெட்போனைக்கூடக் கழற்றாமல், 'அதிகாரமின்றி ஆளை அசைப்பது எப்படி: ஐந்து பாடங்கள்' என்று இணையத்தில் ஒரு பதிவு எழுதிப் போட்டான். நாற்பது பேர் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினான். படலையில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது.

பூட்டைத் திறந்தான். வெளியே சைக்கிளைப் பிடித்தபடி, சேட்டு முழுக்க வியர்வையோடு ராஜரத்தினம்.

யதுர்ஷன் அவருடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டான். "பெரிய உதவி அண்ணை! அறிக்கையை வாசிச்சிருக்கிறியள்!"

"என்ன அறிக்கை?" என்றார் அவர், கையை உருவிக்கொண்டு. "கறண்ட் நிண்டு ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலாகுது தம்பி, நிண்ட நேரத்திலயிருந்து உங்கட படலையைத்தான் தட்டிக்கொண்டு நிக்கிறன், என்ர ஜெனரேற்றரைத் தாங்கோ!"