கட்டியின் ஜாதி

புதுக்கடை,
கொல்லம் 1111 ஆவணி.

கர்த்தருடைய கிருபையால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாய் விளங்கும் என் மருமகன் ஜெயசிங்குக்கு, தாய்மாமன் ஏசுஅடிமை எழுதுவது. இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். உன் அம்மை பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் எழுதுவதை வரிவரியாய் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

அவளுக்கு இந்த வயதில் மறுபடி உதிரப்போக்கு கண்டதை முன்பே எழுதினேன் அல்லவா, வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், நான் நுழைந்ததைக் கண்டதும் நர்சுமார் எல்லாரும் எழுந்து நின்றார்கள். “ஏலே, அவளுவ சோறு திங்க எழும்பினாளுவ” என்கிறாள் உன் அம்மை. அது கிடக்கட்டும். லேடி டாக்டர், கர்ப்பப்பை வாயில் கட்டி இருக்கிறது என்று ஒரு துணுக்கை நறுக்கிச் சீசாவில் போட்டு மதராசுக்கு அனுப்பினாள். பதில் வந்த அன்று என்னைத் தனியே கூப்பிட்டு, “ஜாதி தெரிஞ்சு போச்சு” என்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. “நாங்க ஞானஸ்நானம் எடுத்து மூணு தலைமுறை ஆச்சு. இங்க வந்தும் ஜாதியா?” என்று மேசையில் ஓர் அடி அடித்தேன், மசிக்கூடு பறந்தது.

“ஒம்ம ஜாதிய யாருவே கேட்டா? அந்தக் கட்டிக்க ஜாதியச் சொல்லுதேன், இரியும்” என்றாள்.

கேட்டுக்கொள். இந்தக் கட்டியில் ரெண்டு ஜாதியாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மீன் செதிள் போல அடுக்கடுக்காய்த் தெரியும், அது ஊரில் கண்டவளுக்கெல்லாம் வருவது. மற்றது சுரப்பி ஜாதி, நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தானாம். உன் அம்மைக்கு வாய்த்தது அதுதான். செதிள் ஜாதியை நம் குடும்பம் சீந்துமா? டாக்டரே தன் சர்வீசில் இது ரெண்டாவது என்று மூக்கில் விரல் வைத்தாள். மதராஸ் துரைமார் அந்தத் துணுக்கைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்திருப்பதாகவும் கேள்வி.

“அப்பம் பயப்படாண்டாம், இல்லியாலே?” என்று கேட்கிறாள் உன் அம்மை. வேண்டாம் என்றே எழுதுகிறேன். நீ கிறிஸ்மஸுக்கு வந்தால் போதும். கர்த்தர் உன்னை அட்டைக் கடியிலிருந்தும் குளிர்காய்ச்சலிலிருந்தும் விலக்கிக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமன் ஏசுஅடிமை.

பி.கு.: அவள் உறங்கிவிட்டாள். மேலே உள்ளதை நம்பாதே. செதிள் ஜாதியானால் ரேடியம் வைத்துச் சுருக்கலாம், அப்படி வருஷக்கணக்காய் இருந்தவர்கள் உண்டு என்றாள் டாக்டர். சுரப்பி ஜாதி அதற்கு அவ்வளவாய் அடங்காதாம். இவளுக்கு இடுப்பெலும்பு வரை போயும்விட்டது. “மகனை இப்பமே வரச் சொல்லும்” என்றாள். கடிதம் கண்டதும் கப்பலேறு. வந்த இடத்தில் அழுது காரியத்தைக் கெடுக்காதே. தோட்டத்துத் துரைக்குக் கல்யாணம், எல்லாருக்கும் லீவு என்று சொல். அந்தக் கிழவனுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பது அவளுக்குத் தெரியாது.